மோட்டார் போடாமல் நிறைந்த தொட்டி

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் போட்டுவிட்டு, ஒரு கிழவி ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கரண்டியோடு மோட்டார் சுவிட்சைப் பார்த்து ஏன் ஓடினாள் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு ஆசையா? தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? படியில் தடுக்கியதே, கால் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அது வேண்டாம். ஓடியது ஏன், அது மட்டும் வேண்டும்.

சரி, கேட்டுத் தொலையுங்கள். எதிர் வீட்டுக்காரிக்கு ஒரு விதமாகச் சொன்னேன். உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்களுடையது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற ரிக் வண்டிக் குடும்பம். திருச்செங்கோட்டுப் பக்கம் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் அது போர் போடுகிறவன் வீட்டுக் கூரையில்தான் விழும். என் மகனும் அதே தொழில்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் வடக்கே எங்கேயோ, வாயில் நுழையாத பெயர் உள்ள ஊர்களில், வண்டியோடு கிடப்பான். அங்கே பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். அவன் சொந்த வீட்டு போரில் காற்று மட்டும்தான் வரும். எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர்தான் கதி. அது என்றைக்கு வரும் என்பது அதற்கே தெரியாது. வந்த அன்று கீழ்த்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றிவிட வேண்டும். டேங்க் நிறைந்தால் ஒரு குழாய் வழியாகப் பின்பக்கத்துப் பொடக்காலியில், பாத்திரம் கழுவுகிற கல்லின் மேல் கொட்டும்.

அப்படிக் கொட்டவிடுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் தெருவில் இல்லை. யார் வீட்டு டேங்க் வழிந்தாலும் பார்த்தவர் கத்த வேண்டும். கேட்டவர் ஓட வேண்டும். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட இதற்கு மட்டும் வாயைத் திறப்பார்கள். "டேங்க் போகுது" என்று கத்திவிட்டு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ரிக் வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. போர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, கண்ணால் பார்க்காமல் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. மண் ஈரமாக வரலாம், சேறாக வரலாம், எல்லோர் வாயும் துறுதுறுவென்று இருக்கும். ஆனாலும் தண்ணீர் குழாய்க்கு மேலே எழும்பி வழிந்த பிறகுதான் அந்த வார்த்தை வெளியே வரவேண்டும். அதையும் அந்த வீட்டில் மூத்தவள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மஞ்சள் குங்குமம் வைப்பாள். முந்திக்கொண்டு சொன்னால் வருகிற தண்ணீர் திரும்பிப் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு பயம். நானும் என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை.

இப்போது மருமகளுக்கு வருகிறேன். சேலத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள், பெங்களூரில் வேலை பார்த்தவள். பேத்தி பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு இங்கே என்னோடு வந்து மாட்டிக்கொண்டாள். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, சமையலில் எனக்குப் பாதி ஒத்தாசையும் பாதி உபத்திரவமும் செய்துவிட்டு, ஹாலில் அந்த லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம் வேன் வருகிறவரைக்கும் தலை நிமிராது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன அம்மிணி, காலைல புடிச்சு அதையே மொறச்சுப் பாத்துட்டிருக்கற?"

"தண்ணி பண்றேனுங்கத்தே."

"என்னது?"

"தண்ணிங்கத்தே. ஒரு வெளையாட்டுக்கு. கம்ப்யூட்டர்ல வெளையாடற வெளையாட்டு."

நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு விளையாட்டுச் செய்கிறார்களாம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லையாம். பெங்களூரில் ஒரு பெண், அவள்தான் மேஸ்திரி மாதிரி. கொச்சியில் ஒருவன் பாட்டுப் போடுகிறான். இன்னொருவன் ஆடு வரைகிறான். மந்தையிலிருந்து தவறிப்போன ஒரு குட்டி ஆடு, மேடு பள்ளம் தாண்டி, ஓடையைத் தாண்டி, மறுபடி மந்தையைப் போய்ச் சேர வேண்டும். அதுதான் விளையாட்டு. அந்த ஓடைக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு என் மருமகளுடையது.

"இதுக்கு ஆரு சம்பளம் குடுப்பா?"

"ஆரும் இல்லீங்கத்தே. ஆசைக்குப் பண்றதுதான்."

"அப்ப ஆசைக்கு ஆடு மேய்க்கறீங்க."

"ஆமாங்கத்தே, அப்படித்தான் வெச்சுக்குங்க."

ஆட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. மயிர் ஒட்டிக் கிடக்கிற எங்கள் பக்கத்து மேச்சேரி ஆடு பார்த்த கண்ணுக்கு இது ஆடா?

"இத்தன மயிரு இருந்தா வெய்யக் காலத்துல வெந்தே செத்துப் போகுமே" என்றேன்.

"ஆடு வரையறது என்ற சோலி இல்லீங்கத்தே. தண்ணியப் பாத்துச் சொல்லுங்க. தண்ணியாட்ட இருக்குதுங்களா?"

தண்ணீரைப் பார்த்தேன். நீல நிறத்தில் அகலமாக ஏதோ ஒன்று மொத்தமாக மேலே ஏறிக் கீழே இறங்கியது. லாரி மேல் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்ளுமே, அப்படி.

"தார்ப்பாயி நல்லா இருக்குது. கயிறு கட்ட மறந்துட்ட போல."

வருத்தப்படுவாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. எதையாவது மாற்றுவாள், கூப்பிடுவாள், நான் கை துடைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். எனக்கு டிவி சீரியல் பார்ப்பதே நின்றுபோயிற்று. இதில் அழுகை இல்லை, விளம்பரமும் இல்லை.

ஒருநாள் பளபளவென்று இருந்தது. "எடப்பாடிச் சாயப்பட்டறைக்குப் பொறத்தால போற வாய்க்காலாட்ட இருக்குது" என்றேன். பளபளப்பை எடுத்துவிட்டாள். இன்னொரு நாள் வெள்ளை வெள்ளையாக நுரை போட்டிருந்தாள். இங்கே ஒரு நுரை, கொஞ்சம் தள்ளி அதே நுரை, அதற்கப்பால் மறுபடி அதே நுரை. "அச்சுச் சேலை. மொந்தானி எங்க?" என்றேன். அதற்கு அவள் இரண்டு நுரையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் ஓடவிட்டாள். அச்சுத் தெரியாமல் போயிற்று. ஆனால் மொத்தத் தண்ணீரும் கெட்டியாக நகர்ந்தது. "கூழாட்ட இருக்குது, தொட்டுக்க மொளகா இருந்தாக் கொண்டா" என்றேன்.

"ஏனுங்கத்தே, இது நெசத் தண்ணியாட்ட இருக்கக் கூடாதுங்க. பொம்மைப் படத்துல வர்ற தண்ணியாட்ட இருக்கோணும். ஆனா பாத்த ஒடனே தண்ணின்னு தோணோணும்."

"நெசமாவும் இருக்கக் கூடாது, பொய்யாவும் இருக்கக் கூடாது. உன்ற மாமனாரு பேச்சாட்ட இருக்கோணுங்கற."

போட்டோவில் இருந்த மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் எனக்கு எதிர்ப் பேச்சுப் பேசினவர் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பெங்களூர் மேஸ்திரிப் பெண் ஒருநாள் பேசினாள். போனை மேசைமேல் வைத்துச் சத்தமாகப் பேசுவது இவர்கள் வழக்கம். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்குப் புரிந்தது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாட்டை எல்லோரும் எடுத்து விளையாடும்படி இன்டர்நெட்டில் ஏற்றிவிடப் போகிறார்கள். மற்றவர்கள் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் மட்டும்தான் பாக்கி. அதற்குள் சரியாக வராவிட்டால், எவனோ செய்து வைத்த தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறது, அதை எடுத்து ஓடையில் விட்டுவிடலாம், ஒன்றும் தப்பில்லை என்றாள் அந்தப் பெண். அன்பாகத்தான் சொன்னாள்.

போனை வைத்ததும் நான் கேட்டேன், "அங்கயும் கேன் தண்ணிதானா?"

வழக்கமாகச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. வெங்காயத் தோலை ஒன்றுசேர்த்துக் குவித்துக்கொண்டே சொன்னாள்.

"அதுல ஆடு ஒருத்தரு செஞ்சது. பாட்டு ஒருத்தரு செஞ்சது. நான் செய்யறது இந்தத் தண்ணி ஒண்ணுதானுங்கத்தே. அதும் கேன் தண்ணின்னா அதுல நான் எதுக்குங்க? எல்லாத்தையும் மூடி வெச்சுட்டுச் சும்மா பொட்டாட்ட இருந்துக்கலாம்."

வேலையை விட்டு வந்தபோதுகூட இவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. வெங்காயம் கண்ணை எரித்தது. வெங்காயம்தான்.

அன்று சாயங்காலம் மகன் போன் செய்தான். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம்.

"என்ன சாமி, தண்ணி வந்துச்சா?"

"இல்லீங்கம்மா. வெறும் கல்லுத் தூளுதான் பொகையாப் போகுது. கல்லு முடியவே மாட்டீங்குது. அதை உடுங்க. அவ ஒரு மாதிரியா பேசறாளே, என்னாச்சுங்க?"

சொன்னேன்.

"ஏம்மா, ஒருக்கா நல்லா இருக்குது, தண்ணியாட்டவே இருக்குதுன்னு சொல்லீருங்களே. உங்களுக்கென்ன காசா பணமா?"

"அங்க பொகை போகுதுங்கற. தண்ணி வந்துருச்சுன்னு அந்தத் தோட்டத்துக்காரங்கிட்டச் சொல்லீட்டு வண்டியக் கெளப்பீட்டு வந்துருவியா?"

"அது வேற, இது வேறங்கம்மா."

"எப்படி வேற?"

ரிக் சத்தம் மட்டும் கேட்டது. "சோறு உண்டயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காவிரித் தண்ணீர் வந்தது. தெருவே குடமும் டிரம்முமாக நின்றது. நான் ஓஸ் குழாயை டிரம்மில் போட்டுவிட்டு, "அம்மிணி, பாத்துக்க, ரொம்புனதும் தொட்டிக்கு மாத்து" என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எதிர் வீட்டுக்காரியின் குரல்.

"பெரியம்மா, டிரம்மு போகுது, டிரம்மு போகுது."

வந்து பார்த்தால் டிரம் நிறைந்து நாலா பக்கமும் வழிந்துகொண்டிருக்கிறது. மருமகள் பக்கத்திலேயே குந்த வைத்து உட்கார்ந்து, போனைத் தண்ணீர்மேல் நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சேலைக் கரை முழுக்க ஈரம். தெரு முழுவதும் வேடிக்கை பார்க்கிறது.

"ஏ அம்மிணி, கண்ணு தெரியுதா இல்லையா?"

"ஒரு நிமிசமுங்கத்தே. விளிம்புல மட்டும் வெள்ளையா ஒரு கோடு வருதுங்க பாருங்க. நடுவுல வெள்ளையே இல்ல. எங்க எது மேல முட்டுதோ அங்க மட்டுந்தான் வெள்ளை."

"இப்ப என்ற கண்ணுதான் வெள்ளையாகுது. ஓஸை மாத்து மொதல்ல."

எதிர் வீட்டுக்காரி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். "என்னுங்க பெரியம்மா, உங்க மருமவளுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

திட்டலாம், அது என் உரிமை. அடுத்தவள் கேட்டால் விட முடியுமா?

"அவ ஊட்டுக்காரனுக்கு அங்க தண்ணியே வரலையாமா. இங்க வர்றதையாச்சும் பாக்கட்டும்னு படம் புடிச்சு அனுப்பறா. உன்ற ஊட்டுக்காரரு உள்ளூர்லயே இருக்கறாரு, உனக்கெங்க தெரியும் அந்த ஏக்கம்?"

அவள் வாயை மூடிக்கொண்டு போனாள். மருமகள் தலையைக் குனிந்தபடி சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டொரு நாள் அவள் சாப்பிட்டாளா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முன்பு போட்டதையெல்லாம் அழித்தாள். பலகை மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதில் பேனாவால் வரைந்தால் கம்ப்யூட்டரில் விழுகிறது. நுரையை ஒவ்வொன்றாகக் கையாலேயே வரைந்தாள். சின்னதாக ஒரு மொட்டு, அது விரிகிற மாதிரி அடுத்தது, கிழிகிற மாதிரி அடுத்தது, காணாமல் போகிற மாதிரி அடுத்தது. வரிசையாக ஓடவிட்டால் சட்டியில் பொரி வெடிக்கிற மாதிரி இருந்தது. நீலத்தை ஒன்றோடொன்று குழைக்காமல் கருநீலம், நடு நீலம், வெளிர் நீலம் என்று கத்தரித்து ஒட்டியது போல விட்டாள். ஓடைக்கு மேலே ஒரு பாறையில் கல் தொட்டி ஒன்றும் வந்தது. ஆடு அதில் வாய் வைக்கும். தொட்டி நிறைந்து, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டு, கீழே கல்லின்மேல் கொட்டி, நுரைத்து ஓடையில் சேரும்.

சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"இப்பப் பாத்துச் சொல்லுங்கத்தே."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. உண்மையாகவே அழகு. ஆனால் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போயிற்றோ என்னவோ, அழகான கோலத்தைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைக்கலாமே என்று வாயைத் திறக்கவும் செய்தேன்.

"நல்லா இருக்குது சாமி" என்றேன்.

"நல்லா இருக்குதுங்களா, தண்ணியாட்ட இருக்குதுங்களா?"

விவரமானவள். என்னோடு இத்தனை நாள் இருந்திருக்கிறாள் அல்லவா?

"இன்னும் வரல அம்மிணி" என்றேன்.

"செரிங்கத்தே."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். படியில் நின்று ஒட்டுக் கேட்டேன். நாளை மத்தியானம்வரை பார்க்கிறேன், இல்லாவிட்டால் அந்த இலவசத் தண்ணீரையே போட்டுவிடு என்று பெங்களூர்ப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பேத்தி சேலத்தில் இருக்கிற அவள் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு வாயடைத்துக் கிடந்தது. மருமகள் விடிந்ததிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள், ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. ஹாலை ஒருமுறை கூட்டினேன். கூப்பிடவில்லை. சுத்தமாக இருந்த ஹாலை மறுபடியும் கூட்டினேன்.

"இப்பத்தானுங்களே கூட்டுனீங்க" என்றாள், நிமிராமலே.

"எறும்பு போகுது" என்றேன்.

ஒரு எறும்பும் போகவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் ஏதாவது கிண்டல் பண்ணலாம், கேட்காதவளிடம் என்ன பண்ணுவது? சமையலறைக்குப் போய் இட்லி ஊற்றினேன். தக்காளிச் சட்னியை அடுப்பில் வைத்துக் கிளறத் தொடங்கினேன். ஆவி அடித்தது. கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன்.

அதற்குள் அவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், சின்னத் திரையில் தப்புத் தெரியவில்லை என்று லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டிவியில் மாட்டியிருக்கிறாள். பெரிதாக ஓடவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் டிவி இருக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். பொடக்காலிப் பக்கத்து ஜன்னலை ஒட்டினாற்போல் இருக்கிறது. டேங்க் வழிந்தால் அந்த ஜன்னலில்தான் தெரியும். சமையலறையில் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒரே கோணம்.

நான் சட்னியைக் கிளறிக்கொண்டே தற்செயலாகத் திரும்பினேன். ஓரக்கண்ணில், வழக்கமான இடத்தில், ஒன்று விளிம்பு தாண்டி வழிந்து கல்லின்மேல் கொட்டி வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லையே என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமையும் இல்லை. மோட்டாரை யார் போட்டது, எப்போது போட்டது என்று எதுவும் தெரியாது. என் காலுக்கு அதெல்லாம் தேவைப்படவும் இல்லை. அது கிளம்பிவிட்டது.

"டேங்க் போகுது, தண்ணி போகுது" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

மோட்டார் சுவிட்ச் எங்கள் வீட்டில் வெளிப்படி ஓரம், தெருவைப் பார்த்து இருக்கிறது. படியில் தடுக்கிச் சுவரைப் பிடித்து நின்றேன். கையில் கரண்டி, சேலையில் சட்னி. என் குரல் கேட்டு எதிர் வீட்டுக்காரி கோலப் பொடிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் வீட்டு மோட்டாரை நிறுத்த உள்ளே ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி ஓடினாள். அதற்கடுத்த வீட்டில் ஒருவர் பாதிச் சவரம் செய்த முகத்தோடு வந்து சுவிட்சைத் தட்டினார். அன்று எங்கள் தெருவில் தண்ணீரே வரவில்லை. எந்த வீட்டிலும் மோட்டார் ஓடவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

நான் சுவிட்சைத் தட்டினேன். அது ஏற்கெனவே ஆஃப்பில்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன். ஆஃப்தான்.

மாடியிலிருந்து மருமகள் வாளியோடு இறங்கி வந்தாள். "என்னுங்கத்தே, என்னாச்சுங்க?"

"மோட்டார ஆரு போட்டது? டேங்க் ரொம்பிக் கல்லு மேல கொட்டுது, நீ பாட்டுக்கு மேல நிக்கற."

"மோட்டாரே போடலீங்களே. நேத்தே தொட்டி காலியாயிருச்சுங்களே."

"அப்ப அங்க கொட்டறது என்ன?"

"எங்கீங்க?"

நான் கரண்டியால் உள்ளே காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கல் வெயிலில் காய்ந்து கிடந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், டிவியில், ஆடு தொட்டியில் வாய் வைத்துக்கொண்டு நின்றது. தொட்டி அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அவள் டிவியைப் பார்த்தாள், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"அத்தே" என்றாள் மெதுவாக. "நீங்க இதையா பாத்தீங்க?"

"எதை?"

"இதப் பாத்துத்தான் ஓடுனீங்களா?"

"சட்னி தீயுது, தள்ளு" என்றேன்.

விடவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ கத்துனீங்களே, என்னன்னு கத்துனீங்க? மறுக்கா ஒருக்கா சொல்லுங்கத்தே."

"டேங்க் போகுதுன்னேன்."

"அதுக்கப்பறம்?"

இவளிடம் தப்பிக்க முடியாது. தெருவே கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கும் வாய்க்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"தண்ணி போகுதுன்னேன். போதுமா?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்னி தீய்ந்துபோனது. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பிறகு பெங்களூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டாள். சத்தமாகத்தான்.

"வேற தண்ணி வேண்டாம். நம்ம தண்ணியே போடு. எங்கத்தை மோட்டார நிறுத்த ஓடிட்டாங்க."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் போனே மேசையில் நகர்ந்தது. படத்தை அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு மறுபடி பேசினாள். சரி என்றாள். இதையே ஏற்றிவிடலாம் என்றாள். உங்கள் அத்தையை அடுத்த விளையாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள்.

"எனக்கு ஆசைக்கெல்லாம் வேலை செய்ய நேரமில்ல" என்றேன் இங்கிருந்தே.

சாயங்காலம் விளையாட்டை ஏற்றினார்கள். மகனும் அங்கிருந்து போனிலேயே பார்த்தான். அவன் போட்ட போரில் அதற்குள் தண்ணீர் வந்திருந்தது. முதலில் அதைச் சொல்லவே மறந்துவிட்டான்.

"நான் சொல்லச் சொன்னப்ப சொல்ல மாட்டேன்னீங்களே" என்றான்.

"அப்ப வரலையே" என்றேன்.

மருமகள் விளக்கு வைத்த பிறகு நான் பூஜை அலமாரியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தேன். மூத்தவள் நான்தானே. டிவியின் ஓரத்தில், ஆட்டின் மேல் படாமல், ஒரு பொட்டு வைத்தேன். லேப்டாப்பிலும் ஒன்று. கண்ணாடித் திரையைத் தொட்டால் கத்துகிறவள் அன்று கத்தவில்லை. இன்னும் துடைக்கவும் இல்லை. வாசல்படியில் ஒரு தேங்காயும் உடைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காலையில் மோட்டாரை நிறுத்தி ஏமாந்தவர்கள் எல்லாம் தேங்காய்ச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரிதான் முன்னால்.

"ஏனுங்க பெரியம்மா, காலைல தண்ணி போகுதுன்னு கத்துனீங்க. இப்பத் தேங்காயும் ஒடைக்கறீங்க. போர் கீர் போட்டீங்களா?"

"ஆமா கண்ணு. தண்ணி வந்துருச்சு."

"ரிக்கு வந்த சத்தமே கேக்கலீங்களே. உங்க பையனும் ஊர்ல இல்ல."

"அவன் எதுக்கு? மருமவளே எறக்கிட்டா. உக்காந்த எடத்துலயே, கையால."

"எத்தன அடிங்க பெரியம்மா?"

எங்கள் ஊரில் தண்ணீர் வந்தது என்றால் அடுத்த கேள்வி இதுதான். தேங்காய்ச் சில்லை ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அடியெல்லாம் இல்ல கண்ணு. டிவி மேசை ஒசரத்துலயே வந்துருச்சு. இனிமே நிக்காது, ராப்பகலா வழியும். அதுக்குன்னு நாளைக்குக் காலைல கொடத்தத் தூக்கிட்டு வந்து நிக்காதீங்க. அது ஆட்டுக்கு வெச்ச தண்ணி."